மஞ்சள் தண்ணீரும் இரண்டு பென்சில்களும்



எங்கள் வேதியியல் ஆசிரியரின் நினைவாக அவருடைய மாணவர்கள் நிறுவிய இந்த அறக்கட்டளையில் பேசக் கிடைத்ததைப் பெரும்பேறாகக் கருதுகிறேன். அவர் எங்களுக்கு நடத்திய ஒரு பாடத்தையே இன்று எடுத்துக்கொள்கிறேன்.

கண்ணாடி டம்ளரில் உப்புநீர். அதில் ஒரு சிட்டிகை மஞ்சள்தூள். இரு முனையும் சீவிய பென்சில்கள் இரண்டு, 9 வோல்ட் பேட்டரி ஒன்று. இணைத்ததும் எதிர்மின்வாய்ப் பென்சிலில் குமிழ்கள் பொங்கின. அதைச் சுற்றி நீர் ஆரத்தித் தட்டைப் போலச் சிவந்தது. மற்றப் பென்சிலின் பக்கம் மஞ்சள் வெளுத்து, ப்ளீச்சிங் பவுடர் நெடி அடித்தது. “யார் ஜெயிச்சாங்க, சொல்லுங்க பார்ப்போம்” என்றார்.

எதிர்மின்வாயில் போட்டி சோடியத்துக்கும் நீருக்கும்; விடை எளிது. சோடியம் அயனி எலக்ட்ரானை ஏற்க −2.71 வோல்ட் வேண்டும். நடுநிலை நீரிலிருந்து ஹைட்ரஜன் வெளியேற −0.41 வோல்ட் போதும். சோடியம் எவ்வளவு திரண்டு நின்றாலும் நீரே முந்துகிறது. ஹைட்ரஜன் போனபின் மிஞ்சும் ஹைட்ராக்சைடுதான் மஞ்சளைச் சிவக்கவைத்தது. வேதியியலாளர் ஹம்ஃப்ரி டேவியும் பொட்டாஷ் கரைசலில் மின்சாரம் செலுத்தி முதலில் ஹைட்ரஜனையும் ஆக்சிஜனையும் மட்டுமே கண்டார். 1807இல் ஈரம் பட்டும் படாமலும் இருந்த பொட்டாஷ் கட்டியை மின்சாரத்தாலேயே உருகவைத்த பிறகுதான் பொட்டாசியம் அவர் கைக்கு வந்தது.

நேர்மின்வாய்தான் என்னை இன்றுவரை விடாத இடம். மின்னழுத்த வரிசைப்படி ஆக்சிஜனுக்கு 1.23 வோல்ட், குளோரினுக்கு 1.36. நடுநிலைக் கரைசலில் ஆக்சிஜனுக்கு 0.82 போதும். அப்படியானால் ஆக்சிஜன் அல்லவா வந்திருக்க வேண்டும்? ப்ளீச்சிங் பவுடர் நெடி தந்த குளோரின் ஏன் வந்தது?

ஓர் ஆக்சிஜன் மூலக்கூறு உருவாக இரண்டு நீர் மூலக்கூறுகள் சிதைந்து, நான்கு எலக்ட்ரான்கள் கைமாறி, இரண்டு ஆக்சிஜன் அணுக்கள் பிணைய வேண்டும். குளோரினுக்கு இரண்டே எலக்ட்ரான்கள். நீளமான வேலையை விரைவுபடுத்தக் கூடுதல் மின்னழுத்தம் தேவை. அதுவே மிகை மின்னழுத்தம். உப்பு செறிவாக இருந்தால் குளோரினுக்கு மேலும் வசதி. உப்பைக் குறைத்துக்கொண்டே போனால் ஆக்சிஜனின் பங்கு ஏறும். வரிசையை மனப்பாடம் செய்து மதிப்பெண் வாங்கும் மாணவர்களிடம் இதைச் சொல்லாமல் விடுவது பெரிய குறை என்றே நினைக்கிறேன். மின்னழுத்த வரிசையோடு செறிவும் மின்வாய்ப் பரப்பும் சேர்ந்துதான் முடிவு செய்கின்றன.

பரப்பின் வலிமைக்குப் பாதரச எதிர்மின்வாயைப் பாருங்கள். அதன்மேல் ஹைட்ரஜன் வெளியேற 1 வோல்ட்டுக்கும் அதிகமான மிகை மின்னழுத்தம் வேண்டும். சோடியமோ பாதரசத்திலேயே கரைந்து இரசக்கலவை ஆகிவிடுகிறது. அதனால் தோற்ற சோடியம் அங்கே வெல்கிறது! 1892இல் வேதியியலாளர்கள் காஸ்ட்னரும் கெல்னரும் தனித்தனியே கண்ட இந்தப் பாதரசக் கல முறை உலகெங்கும் காஸ்டிக் சோடா தந்தது. பாதரசக் கழிவையும் விட்டுச் சென்றது. இன்று சவ்வுக் கலங்கள் அதன் இடத்தைப் பிடித்துவிட்டன.

மின்வாய்ப் பரப்பு என்றால் காரைக்குடியை இங்கே நன்றியோடு சொல்ல வேண்டும். வள்ளல் அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்ததால் அங்கே 1948இல் மத்திய மின்வேதியியல் ஆய்வகத்துக்கு அடிக்கல் நாட்டப்பட்டது. டைட்டானியத்தின்மேல் உலோக ஆக்சைடு பூசிய கரையா நேர்மின்வாய்களில் அவ்வாய்வகம் உழைத்தது. பென்சிலில் உள்ள கிராஃபைட் இருக்க, இது எதற்கு?

அந்த வகுப்பின் முடிவில் ஆசிரியர் டம்ளரைத் தூக்கி வெளிச்சத்தில் காட்டினார். அடியில் கறுப்புப் பொடி படிந்திருந்தது. வெளுத்த பக்கத்துப் பென்சிலின் முனை அரித்துப் போயிருந்தது. வாயுவாக மேலேறாத ஆக்சிஜன், பென்சிலின் கரியைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றிருந்தது.