நீல் சிலை எங்கே போயிற்று?

(அம்பத்தூர் தொழிற்பேட்டையில் தொழிலாளர் வாசகர் வட்டக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் சுருக்கம்)

தோழர்களே!

சென்ற மாதம் ஒரு கம்பெனி வாசலில் டீக்கடை ஓரம் வாக்குவாதம் நடந்தது. நம்மூர்த் தோழர் ஒருவர் கோபமாகக் கேட்டார்: "இந்த வடக்கத்திக்காரர்கள் வந்துதானே நம் கூலி கெட்டது? அவர்களுக்கும் நமக்கும் என்ன சம்பந்தம்?" எதிரே நின்றவர் அலகாபாத் பக்கத்திலிருந்து வந்த கான்ட்ராக்ட் தொழிலாளி. பேச்சு அவருக்கு முழுதும் புரியவில்லை. கோபம் மட்டும் புரிந்தது. தலையைக் குனிந்துகொண்டார்.

எனக்கு உடனே பதில் வரவில்லை. மறு ஞாயிற்றுக்கிழமை இருவரையும் அழைத்துக்கொண்டு ரயிலேறினேன். எழும்பூர் அருங்காட்சியகத்தில் இருக்கிற ஒரு வெள்ளைக்காரனின் சிலையைக் காட்டினேன். அந்தச் சிலையின் கதைதான் இன்றைய பேச்சு.

அவன் பெயர் ஜேம்ஸ் நீல். ஸ்காட்லாந்துக்காரன். கிழக்கிந்தியக் கம்பெனியின் மதராஸ் பியூசிலியர்ஸ் என்ற வெள்ளைப் பட்டாளத்துக்குத் தலைவன். 1857இல் வடக்கே சிப்பாய்களும் விவசாயிகளும் கம்பெனி ஆட்சியை எதிர்த்து எழுந்தபோது, இந்தப் பட்டாளத்தை மதராஸிலிருந்து கப்பலேற்றிக் கல்கத்தாவுக்கு அனுப்பினார்கள். அங்கே ரயிலுக்கு அவன் ஆட்கள் வந்து சேரத் தாமதமாயிற்று. காத்திருக்க முடியாது என்றார் ஸ்டேஷன் அதிகாரி. நீல் என்ன செய்தான்? அதிகாரியையும் எஞ்சின் ஓட்டுகிறவரையும் காவலில் வைத்து ரயிலை நிறுத்தினான். வேலை செய்கிறவனை அவன் நடத்திய விதம் அது.

பிறகு காசிக்குப் போனான். ஜூன் நடுவில் அலகாபாத்துக்குப் போனான். விசாரணை என்பது பேருக்குத்தான். அகப்பட்டவர்களை மரத்தில் தொங்கவிட்டார்கள். கிராமங்களைக் கொளுத்தினார்கள். 'அலகாபாத்தின் கசாப்புக்காரன்' என்று அவனுக்குப் பேரே வந்தது.

அவனுக்கு வக்காலத்து வாங்குகிறவர்கள், "கான்பூரில் வெள்ளைக்காரப் பெண்களையும் குழந்தைகளையும் கொன்றார்கள், அதற்குத்தான் நீல் பழிவாங்கினான்" என்பார்கள். கான்பூரில் நடந்தது கொடுமைதான். நாம் அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் தேதியைப் பாருங்கள். அந்தப் பெண்களும் குழந்தைகளும் கொல்லப்பட்டது ஜூலை 15. அலகாபாத்தில் நீல் தூக்கிலிட்டது ஜூன் மாதம். ஜூலையில் நடந்ததற்கு ஜூனில் எப்படிப் பழிவாங்க முடியும்? சிப்பாய்கள் செய்த கொடுமை, இங்கிலாந்து இந்தியாவில் நெடுங்காலம் செய்துவந்ததன் எதிரொலி என்று அந்த ஆண்டிலேயே நியூயார்க் பத்திரிகை ஒன்றில் எழுதினார் காரல் மார்க்ஸ்.

1857 செப்டம்பர் 25 அன்று லக்னோவில் குண்டடிபட்டு நீல் செத்தான். அவன் பிறந்த நாட்டில் ஏர் என்ற ஊரில் ஒரு சிலை; மதராஸ் மவுண்ட் ரோடில், ஸ்பென்சர் கடைக்கு எதிரே, இன்னொரு சிலை. இரண்டையும் வடித்தவர் மாத்யூ நோபிள் என்ற சிற்பி. 1860இல் நம்மூரில் ஏறி நின்றவன் 77 ஆண்டுகள் இறங்கவில்லை. கூலிக்காரன் அவன் காலடியில்தான் வண்டி இழுத்துப் போனான்.

1927இல் மக்கள் கேட்டார்கள்: எங்கள் ஜனங்களைக் கொன்றவனுக்கு எங்கள் தெருவில் சிலையா? திருநெல்வேலி சோமயாஜுலு முதலானோர் தலைமையில் சத்தியாக்கிரகம் தொடங்கியது. அணியணியாகத் தொண்டர்கள் வந்தார்கள், சிறைக்குப் போனார்கள். கடலூர் அஞ்சலையம்மாள் தன் சிறு மகள் அம்மாக்கண்ணுவையும் கூட்டிக்கொண்டு வந்தார். தாயும் மகளும் சிறைப்பட்டார்கள். இளைஞர் காமராஜும் அந்தப் போராட்டத்தில் இறங்கினார். சட்டசபையில் கொண்டுவந்த தீர்மானம் தோற்றது. சிலை அசையவில்லை.

பத்தாண்டு கழித்து, 1937இல் ராஜாஜி தலைமையில் காங்கிரஸ் மந்திரிசபை வந்தது. அதன் பிறகுதான் சிலையைப் பீடத்திலிருந்து இறக்கினார்கள். தெருவில் அதிகாரம் செய்தவன் இன்று அருங்காட்சியகத்தில் காட்சிப் பொருள். அந்தமானில் அவன் பேர் தாங்கியிருந்த நீல் தீவுக்கும் 2018இல் பேரை மாற்றிவிட்டார்கள்.

தோழர்களே! இதையெல்லாம் சிலையின் முன்னே நின்று அந்த அலகாபாத் தோழருக்கு அரைகுறை இந்தியில் சொன்னேன். அவர் வெகுநேரம் பேசவில்லை. பிறகு சொன்னார்: "எங்கள் ஊர் சௌக்கில் ஒரு வேப்பமரம் உண்டு. அதில் தூக்கிலிட்டார்கள் என்று பெரியவர்கள் சொல்வார்கள். தொங்கவிட்டவனின் சிலை இங்கே இருப்பது எனக்குத் தெரியாது. அதை எடுக்கச் சொல்லி உங்கள் ஆட்கள் ஜெயிலுக்குப் போனதும் தெரியாது."

நம்மூர்த் தோழர் அவர் தோளில் கை வைத்தார். "எனக்கும் தெரியாது அண்ணே" என்றார்.

என்ன சம்பந்தம் என்ற கேள்விக்கு இதுதான் பதில். அலகாபாத்தில் செத்தவர்களுக்காகக் கடலூர்த் தாய் சிறை சென்றாள். அவள் மொழி பார்க்கவில்லை, ஊர் பார்க்கவில்லை. அப்படியிருக்க, ஒரே ஷெட்டில் ஒரே மிஷினில் நிற்கிற நாம் பார்க்கலாமா?

கூலியைக் கெடுத்தது யார்? நமக்கு ஒரு ரேட், அவருக்கு அதைவிடக் குறைந்த ரேட் என்று சீட்டெழுதுகிறவர் கான்ட்ராக்டர். லாபம் போவது முதலாளிக்கு. குறைந்த கூலி வாங்குகிறவரைத் திட்டினால் நம் கூலி ஒரு பைசா உயராது. அவருக்கும் நம் கூலி கிடைத்தால்தான், நம்மை வெளியே தள்ளிவிட்டு அவரை எடுக்கிற ஆசை முதலாளிக்குப் போகும். சம வேலைக்குச் சம கூலி என்று கேட்பது அவருக்குச் செய்கிற தர்மமல்ல. நம் சோற்றுக்கான காவல்.

திரும்பும் வழியில் மெரினாவில் இறங்கினோம். 1923இல் தோழர் சிங்காரவேலர் முதல் மே தினம் கொண்டாடிய கடற்கரை அது. அங்கே 1959இல் வைத்த உழைப்பாளர் சிலை. தேவி பிரசாத் ராய் சௌத்ரி வடித்தது. அன்று முதலமைச்சர், நீல் சிலையை எதிர்த்த அதே காமராஜ். நான்கு பேர் பாறையை நகர்த்துகிறார்கள். நம்மூர்த் தோழர் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "இதில் யார் எந்த ஊர் என்று தெரியவில்லையே!"

தெரிய வேண்டியதில்லை, தோழர்களே. ஒருவன் கையெடுத்தால் பாறை மற்ற மூவர் மேலே உருளும். அதுதான் தெரிய வேண்டியது.

அடுத்த கூட்டத்துக்கு ஒவ்வொருவரும் ஒரு வெளிமாநிலத் தோழரைக் கூட்டி வாருங்கள். சங்கத்தின் ரசீதுப் புத்தகத்தோடு நான் காத்திருப்பேன்.