பார்வைக்கும் முடிவிற்கும்

(சிங்காநல்லூரில் தமிழன்பர் கூட்டமொன்றில் ஆற்றப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)



தமிழகத்து நகராட்சி, மாநகராட்சி மன்றங்களின் பொருள்நிரலைக் கையிலெடுத்துப் படிப்பார் ஒரு தொடரை மீண்டும் மீண்டும் காண்பர். தெருவிளக்கு மாற்றுவதாயினும், சாலைக்குத் தார் இடுவதாயினும், குப்பை வண்டியைப் பழுது பார்ப்பதாயினும், செய்தியைச் சொல்லி முடித்தபின், இது மன்றத்தின் பார்வைக்கும் முடிவிற்கும் வைக்கப்படுகிறது என்று அலுவலர் எழுதுவார். அலுவலகத் தமிழில் அத்துணை நல்ல தொடர் அரிது. முதலில் பார்வை, அதன்பின் முடிவு. ஊராள்வதற்குரிய முறை முழுமையும் அவ்விரு சொற்களில் அடங்கியிருக்கின்றது. பார்வையின்றி எடுக்கும் முடிவு, விளக்கை அணைத்துவிட்டு நெல் அளப்பது போன்றதாம்.

நகர்மன்றக் கூட்டம் என்றதும் பலர் முகஞ்சுளிப்பர். சாக்கடையும் குப்பையும் குழாயும் வரியும் தவிர அங்குப் பேசுவதற்கு வேறென்ன உண்டு என்பர். சட்டமன்றத்தில் இடியெனப் பேச்சு முழங்குகின்றது. பாராளுமன்றத்தில் நாட்டின் தலையெழுத்தே மாறுகின்றது. நகர்மன்றத்திலோ ஒரு மதகு, ஒரு விளக்கு, ஒரு கழிப்பிடம். ஆயினும், காலையில் எழுந்து குழாயைத் திறக்கும் மாந்தனை முதலில் தொடுவது எந்த அவையின் முடிவு என்று எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

சிறிய முடிவு சிறியதாகவே நின்றுவிடுவதும் இல்லை. 1920 செபுதம்பர் 16-ஆம் நாள் சென்னை மாநகராட்சி மன்றத்தின் முன் ஒரு பொருள் வைக்கப்பட்டது. தலைவர் பிட்டி தியாகராயர். ஆயிரம் விளக்குப் பகுதியின் மாநகராட்சிப் பள்ளியில் பயிலும் ஏழைச் சிறார்க்கு நாளொன்றுக்குத் தலைக்கு ஓரணாவுக்கு மேற்படாமல் செலவிட்டுச் சிற்றுண்டி அளிக்கலாம் என்பதே அது. மன்றம் ஒப்பியது. ஓரணா! அந்த ஓரணா வித்திலிருந்துதான், இடையில் தடைகள் பல நேர்ந்தபோதும், 1956-இல் காமராசர் ஆட்சியின் பகலுணவும், 1982-இல் ம.கோ.இராமச்சந்திரன் ஆட்சியின் சத்துணவும், 2022 செபுதம்பரில் தொடங்கிய காலையுணவும் கிளைத்தன. பேரவைகளில் பிறவாத பெருஞ்செயல், ஒரு நகர்மன்றத்தின் வழக்கமான அலுவலில் பிறந்தது.

கொங்கு நாட்டிலும் இதற்குச் சான்று உண்டு. பெரியார் ஈ.வெ.இரா. நாடறிந்த தலைவராவதற்கு முன்பு ஈரோட்டு நகராட்சித் தலைவராய் இருந்து ஊர்ப்பணி கற்றவர். கோவைக்குச் சிறுவாணி நீரைக் கொணரலாம் என்னும் எண்ணத்தைப் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே எழுப்பியவர் நரசிம்மலு நாயுடு. நகராட்சித் தலைவர் இரத்தினசபாபதியார் காலத்தில் அவ்வெண்ணம் நீராகவே ஊருக்குள் வந்தது. அவர் பெயரால் இரத்தினசபாபதிபுரம் இன்றும் வழங்குகின்றது. ஆனால் அப்பெயரை இரண்டு ஆங்கில எழுத்துகளாகச் சுருக்கி, அம்மனிதரையே மறந்து நிற்பது கோவை.

இனிச் சிங்காநல்லூரின் செய்திக்கு வருவோம். இவ்வூர் 1981 வரை தனி நகராட்சி. தன் வரியைத் தானே தண்டி, தன் தெருவுக்குத் தானே விளக்கேற்றிய ஊர். அவ்வாண்டில் கோவை மாநகராட்சி அமைக்கப்பட்டபோது சிங்காநல்லூர் அதனோடு இணைக்கப்பட்டது. பெருநகரோடு சேர்ந்தால் பெருநன்மை வரும் என்று கூறப்பட்டது. சாலையும் நீரும் வளர்ந்தமை மெய்யே. அதை மறுப்பது நேர்மையன்று. ஆயினும் மறைந்ததொன்று உண்டு. மாநகராட்சிக்கு முதன்முதலாக மக்கள் வாக்கால் மன்றம் அமைந்தது 1996-இல்தான். இடைப்பட்ட பதினைந்து ஆண்டுகள் தனி அலுவலர் ஆட்சியே நடந்தது. தன் மன்றத்தை இழந்த ஊருக்குப் புது மன்றத்தில் ஓர் இருக்கை கிடைக்கப் பதினைந்து ஆண்டுகள் பிடித்தன!

அதன்பின் இருபதாண்டுகள் மன்றம் நடந்தது. 2011-இல் குறிச்சி, குனியமுத்தூர், கவுண்டம்பாளையம் நகராட்சிகளும் பேரூராட்சிகள் சிலவும் இணைய, 72 வட்டங்கள் 100 ஆயின. 2016-இல் மன்றத்தின் காலம் முடிந்தது, தேர்தல் நடக்கவில்லை. 2022 பிப்பிரவரி வரை ஐந்தாண்டுகளுக்கு மேல் மீண்டும் தனி அலுவலர். மாநகராட்சி பிறந்த நாள்தொட்டுக் கணக்கிட்டால், மக்கள் தேர்ந்த மன்றம் இல்லாமற் கழிந்தவை இருபது ஆண்டுகளுக்கு மேலாகும்.

தனி அலுவலர் ஆட்சியில் மன்றத்தின் உரிமை முழுவதும் ஒருவர் கைக்குச் செல்கின்றது. பொருளை எழுதி வைப்பவரும் அவரே, பார்ப்பவரும் அவரே, முடிவு செய்பவரும் அவரே. அவர் நல்லவராகவே இருக்கலாம். 2017-இல் சிங்காநல்லூர்க் குளம், நகர்ப்புற உயிரினப் பன்மைக் காப்பிடம் என அறிவிக்கப்பட்டது இத்தகைய காலத்தில்தான். நொய்யலாற்று நீரால் நிறைந்து, 280 ஏக்கருக்கு மேற்பட்ட பரப்பில் பறவைகளுக்கு வாழிடமாய் விளங்கும் அக்குளத்தைக் காக்கும் அறிவிப்பு நன்முடிவே. ஆனால் மாநகரின் குடிநீர் வழங்கலை ஓர் அயல்நாட்டு நிறுவனத்திடம் 26 ஆண்டுகளுக்கு ஒப்படைக்கும் ஒப்பந்தம் 2018-இல் கையெழுத்தானதும் அதே காலத்தில்தான். ஒரு தலைமுறையின் தண்ணீரைப் பற்றிய ஒப்பந்தம் கையெழுத்தாகும் வேளையில், கேள்வி கேட்பதற்கு மக்கள் தேர்ந்த ஓர் உறுப்பினரேனும் அவையில் இல்லை. முடிவு நன்றோ தீதோ, அது வேறு வழக்கு. மக்களின் பார்வை அதன்மேல் விழவில்லை என்பதே இங்குக் கருதத்தக்கது.

2022-இல் மன்றம் திரும்பியது. மாநகரத் தலைமைக்கு முதன்முறையாக ஒரு பெண்மணி, கல்பனா ஆனந்தகுமார், வந்தார். கணக்கு, கல்வி, நலவாழ்வு, வரியும் பணமும், நகரமைப்பு, பணிகள் என நிலைக்குழுக்களும், ஐந்து மண்டலங்களுக்குத் தலைவர்களும் அமைந்தனர். இருக்கைகள் நிரம்பின. ஆயினும், இருக்கை நிரம்பியவுடன் பார்வை வந்துவிடுமோ?

தமிழக மன்றங்கள் பலவற்றின் நடைமுறையைக் கண்டோர் அறிவர். பொருள்நிரல் தடித்த கட்டாய் உறுப்பினர் கைக்கு வருகின்றது. அதைப் படிக்கப் பொழுது போதாது. கூட்டம் கூடியதும் கட்சிச் சண்டை எழும், ஒருசாரார் வெளிநடப்பர், எஞ்சியோர் 'ஆல் பாசு' என்று ஒரே குரலில் முடித்துவைப்பர். பத்துக்கோடி உருபாப் பணியும் பழுதான விளக்கும் ஒரே மூச்சில் நிறைவேறிவிடும். வேறு சில பொருள்கள் பின்னேற்புக்காக வரும். பணி முன்னரே நடந்திருக்கும், மன்றம் பின்னர்த் தலையசைக்கும். இன்னுஞ் சில, மேலிருந்து முடிவாகியே வரும். 2022-இல் சொத்துவரி உயர்ந்தது எவ்வாறு? சென்னையல்லாத மாநகராட்சிகளில் 600 சதுர அடிக்குட்பட்ட வீட்டுக்கு 25 விழுக்காடும், 1800 சதுர அடிக்கு மேற்பட்டதற்கு 100 விழுக்காடும் என்று மாநில அரசே வரையறுத்துவிட்டது. மன்றத்திற்கு எஞ்சியது ஒப்புவதொன்றே. வரி கொடுப்போன் கேட்க வேண்டிய கேள்விக்கு அவன் உறுப்பினரிடம் விடையில்லை. ஏனெனில் அவரும் கேட்கப்படவில்லை.

இவ்விடத்தில்தான் மொழி வந்து நிற்கின்றது. முடிவைப் பார்வையிலிருந்து மறைக்கும் திரைகளுள் விளங்காத மொழியினும் தடித்தது வேறில்லை. தமிழை ஆட்சிமொழியாக்கிய சட்டம் 1956-இல் வந்தது. ஏட்டில் தமிழ் ஏறியது, பேச்சில் ஏறிற்றா? அலுவலர் ஒருவர் வட்டத்துப் பெண்மணியிடம், "யு.சி.டி. லைன் டேமேசு, எசுட்டிமேட் போட்டாச்சு, டெண்டர் பெண்டிங்" என்கின்றார். அவ்வம்மையார் என்ன செய்வார்? தலையாட்டிவிட்டு, வாயிலில் தேங்கிய கழிவுநீரைத் தாண்டி வீட்டிற்குள் செல்வார். "புதைசாக்கடைக் குழாய் உடைந்துவிட்டது, செலவு மதிப்பிட்டாயிற்று, ஒப்பந்தப்புள்ளி இன்னும் கோரப்படவில்லை" என்று சொல்லியிருந்தாலோ? "ஏன் கோரவில்லை? என்று கோருவீர்கள்?" என்று அவரே கேட்டிருப்பார். தமிழ் அவர்க்குக் கேள்வியைத் தந்திருக்கும். அக்கேள்வியை அஞ்சுவோர்க்கு ஆங்கிலம் நல்ல அரண்.

தமிழன்பர்க்கும் இங்கொரு கடமை உண்டு. அகரமுதலியின் ஆழத்திலிருந்து எவரும் அறியாத சொல்லைத் தோண்டியெடுத்து அலுவலகத்தில் ஒட்டிவிட்டால், திரையின் நிறம் மாறுமேயன்றித் திரை விலகாது. புதைசாக்கடை என்றால் பூட்டிக்கும் புரிகின்றது; ஒப்பந்தப்புள்ளி என்றால் கொத்தனார்க்கும் புரிகின்றது; சீர்மிகு நகரம் என்றால் பள்ளிச் சிறுவனும் பொருள் சொல்வான். அவ்வாறு புரிவதே தூயதமிழின் வலிமை. புரியவைக்கும் சொல்லே நிலைக்கும்.

நிலைத்த சொல்லுக்கு ஓர் எடுத்துக்காட்டு, வாரியம். குடிநீர் வாரியம், மின்வாரியம் என்று நாள்தோறும் வழங்குகின்ற இச்சொல், முதற் பராந்தக சோழன் காலத்து உத்தரமேரூர்க் கல்வெட்டுகளில் ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முன்பே ஆட்சிச் சொல்லாய் நிற்கின்றது. கி.பி. 919, 921 ஆகிய ஆண்டுகளைச் சேர்ந்த அக்கல்வெட்டுகள், முப்பது குடும்புகளிலிருந்து குடவோலை வழியாக ஆட்டை வாரியம், தோட்ட வாரியம், ஏரி வாரியம் ஆகியவற்றிற்கு உறுப்பினரைத் தேரும் முறையை விரிக்கின்றன. அது அந்தணர்க்கு வழங்கப்பெற்ற ஊர். நிலமும் வீடும் மறைக்கல்வியும் உடையார்க்கே அங்கு இடம். உழுதவனுக்கும் பெண்ணுக்கும் இடமில்லை. ஆகலின் அதனைக் குறையற்ற குடியாட்சி என மார்தட்டுவது பொருந்தாது. ஆனால் அதில் கொள்ளத்தக்கன இரண்டு உண்டு. ஏரியைக் காக்கத் தனியே ஆறுபேர் கொண்ட வாரியம் வைத்தனர். முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவனை மட்டுமன்றி, அவன் நெருங்கிய உறவினரையும் குடவோலையில் சேர்க்காது விலக்கினர். சிங்காநல்லூர்க் குளத்தை இவ்விரண்டோடும் ஒப்பிட்டுப் பார்க்கலாம். குளம் பொதுப்பணித் துறைக்குரியதாய் இருந்தது. குத்தகையால் மாநகராட்சியின் பொறுப்பில் வந்தது. அதன் நீரைக் கெடுப்பது ஊர்க் கழிவு. காப்பது தன்னார்வலர் உழைப்பு. ஆகாயத்தாமரை படர்ந்தால் யாரைக் கேட்பது? அருகே ஒண்டிப்புதூரில் நாளொன்றுக்கு ஆறுகோடி இலிட்டர் கழிவுநீரைத் தூய்மை செய்யும் நிலையம் இருந்தும், குளத்திற்கு வரும் கழிவு முற்றும் நிற்காத கரணியம் என்ன? இவற்றைக் கேட்கும் ஆறுபேர் ஊரில் வேண்டும்.

கேட்பதற்கு வழியும் உண்டு. மூன்று நூறாயிரம் மக்களுக்கு மேற்பட்ட நகரங்களில் வட்டக்குழுக்கள் அமைதல் வேண்டும் என்று 1993-இல் நடைமுறைக்கு வந்த அரசியலமைப்புத் திருத்தம் கூறிற்று. தமிழகம் அதற்கு விதி வகுத்தது 2022-இல். அவ்வாண்டு நவம்பர் முதல் நாளில், உள்ளாட்சி நாளன்று, பகுதி அவைகள் கூடின. அப்பகுதி வாக்காளர் எவரும் அங்குச் சென்று பேசலாம். சென்றவர் எத்தனை பேர்? தேர்தல் நாளில் வரிசையில் நிற்கும் கால்கள், கணக்குக் கேட்கும் நாளில் திண்ணையை விட்டு எழுவதில்லை. குற்றம் அலுவலர் மீது மட்டும் சாராது.

எனவே சிங்காநல்லூர்ப் பெருமக்கள் செய்யத்தக்கது பெரும்போராட்டம் அன்று, ஐந்து கேள்விகளே. என்ன பணி? எந்தத் தெருவில்? எத்துணை உருபா? யார் செய்வது? எந்நாளுக்குள் முடியும்? ஒவ்வொரு கூட்டத்திற்கு முன்பும் பொருள்நிரலில் தம் வட்டத்திற்குரிய பகுதியை நல்ல தமிழில் எழுதி, நியாயவிலைக் கடையின் சுவரிலும் பேருந்து நிறுத்தத்திலும் ஒட்டும்படி உறுப்பினரைக் கேட்கட்டும். அவர் எக்கட்சியினராயினும் ஆகுக. ஒட்டாவிடில் இளைஞரே எழுதி ஒட்டட்டும். கூட்டம் முடிந்தபின், எது நிறைவேறியது, எது தள்ளப்பட்டது என்று அதே சுவரில் எழுதட்டும். பகுதி அவை கூடும் நாளில் தெருவுக்கு இருவரேனும் செல்லட்டும். ஆங்கிலத்தில் விடை வந்தால், சினவாமல், "தமிழில் சொல்லுங்கள்" என்று மும்முறை கேட்கட்டும். நான்காம் முறை கேட்க வேண்டி நேராது.

1981-இல் சிங்காநல்லூர் தன் மன்றத்தை இழந்தது. அம்மன்றம் இனித் திரும்புமா என்பது வேறு. ஆனால் பார்வையை எவரும் சட்டம் இயற்றிப் பறிக்கவில்லை. அது மக்கள் தாமே கைவிட்டது. கைவிட்டதை எடுத்துக்கொள்ள எவர் ஒப்புதலும் வேண்டா. பெருமாநகரின் முடிவுகள் எங்கெழுதப்படினும், அவற்றின்மேல் சிங்காநல்லூரின் பார்வை விழட்டும். அப்பார்வை தமிழில் விழட்டும்!

வாழ்க தமிழ்! வளர்க ஊராட்சி!