அப்பா ஏன் பேசவில்லை?

(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)



2009ல் மெக்கானிக்கல் முடித்து இங்கிருந்து வெளியே போனவன் நான். இப்போது அரியலூர்ப் பக்கம் ஒரு சிமென்ட் ஆலையில் பராமரிப்புப் பிரிவில் வேலை. "சிமென்ட் தொழிலில் வேலைவாய்ப்பு பற்றிப் பேசுப்பா" என்றுதான் செயலாளர் அழைத்தார். அதை என்னைவிட நன்றாகப் பேசக்கூடியவர்கள் இந்த அரங்கத்திலேயே பத்துப் பேர் இருக்கிறீர்கள். நான் என் அப்பாவைப் பற்றிப் பேசப் போகிறேன். அவரிடம் கேட்டுக்கொண்டுதான் வந்தேன். "பேசு, பேரை மட்டும் சொல்லாதே" என்றார்.

பெரம்பலூர் மாவட்டம் ஆலத்தூர் வட்டத்தில் மக்காச்சோளமும் சின்ன வெங்காயமும் போடுகிற விவசாயி அவர். 68 வயதில் ராத்திரிக்கு நாலைந்து முறை ஒன்றுக்குப் போக எழுந்தார். "வயசானா அப்படித்தான்" என்றார். நாங்களும் நம்பினோம். இடுப்பு வலி வந்த பிறகுதான் திருச்சிக்கு அழைத்துப் போனோம். பி.எஸ்.ஏ. என்ற ரத்தப் பரிசோதனையில் 62 வந்தது. 4ஐத் தாண்டினாலே டாக்டர்கள் கவனமாகப் பார்ப்பார்கள். புரோஸ்டேட் புற்றுநோய். எலும்பிலும் பரவியிருந்தது.

இந்தப் புற்றுநோய்க்கு உணவே ஆண் ஹார்மோன்தான். அதை நிறுத்தினால் நோய் சுருங்கும் என்று 1941ல் காட்டியவர் சார்லஸ் ஹக்கின்ஸ். 1966ல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. இன்றும் பரவிய நோய்க்கு அதுதான் அடிப்படை மருத்துவம். அப்பாவுக்கு மூன்று மாதத்துக்கு ஒரு ஊசி. கூடவே மாத்திரை. ஒன்றரை வருடத்தில் 62 என்பது 0.8க்கு இறங்கிவிட்டது. எனக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். ரிப்போர்ட்டை எல்லாம் கணினியில் ஏற்றி வரைபடம் போட்டு வைத்திருந்தேன். பொறியாளன் அல்லவா!

ஆனால் அந்த ஒன்றரை வருடத்தில் அப்பா டீக்கடைக்குப் போவதை நிறுத்தியிருந்தார். பேசிக்கொண்டே இருக்கும்போது திடீரென்று உடம்பு பற்றிக்கொண்டு வியர்க்கும். அது அந்த ஊசியின் விளைவு. கடையில் யாரோ அதை வைத்துக் கேலி செய்திருக்கிறார்கள். அடக்க முடியாமல் வேட்டி நனைந்துவிடுமோ என்று பஸ் ஏறப் பயந்தார். கல்யாணங்களுக்கு அம்மா மட்டும் போனார். நாங்களும் ஊரில் "நீர்க்கடுப்பு" என்றுதான் சொல்லி வைத்திருந்தோம். மறைக்க வேண்டிய அசிங்கம் என்று அவருக்குச் சொல்லிக் கொடுத்ததே நாங்கள்தான்.

அம்மா ஒருநாள் போனில், "உங்கப்பா ராத்திரியெல்லாம் பம்ப்செட் ரூம்ல தனியா உக்காந்திருக்காருடா" என்றார். ஊருக்குப் போனேன். நான் என்ன செய்தேன் தெரியுமா? அந்த வரைபடத்தைக் காட்டி, "நம்பர் எவ்வளவு நல்லா குறைஞ்சிருக்கு பாருங்கப்பா, அப்புறம் என்ன கவலை?" என்றேன். அவர் சொன்னார்: "நம்பர் குறையுது, சரி. நானும்தானப்பா குறைஞ்சுக்கிட்டே வர்றேன்."

மோட்டாரில் ஆம்பியர் சரியாக இருக்கிறது என்று பார்த்துவிட்டு, பேரிங் சத்தத்தைக் காதில் வாங்காமல் வந்தவன் நான். ஆலையில் இப்படிச் செய்தால் எனக்கு மெமோ கொடுப்பார்கள்.

அடுத்த ஊசிக்குப் போனபோது ஒரு டாக்டர் நம்பரைப் பார்க்கவில்லை. "ஐயா, தூக்கம் எப்படி இருக்கு? சாப்பாடு இறங்குதா? உயிரோட இருக்க வேண்டாம்னு எப்பவாவது தோணுதா?" என்று கேட்டார். நான் பதறினேன். இப்படிக் கேட்டால் இல்லாத நினைப்பையும் கிளப்பிவிடாதா? அப்பா கொஞ்ச நேரம் சும்மா இருந்தார். பிறகு, "தோணியிருக்குங்க" என்றார். பக்கத்தில் நின்ற எனக்கு அப்போதுதான் தெரியும்.

கேட்பதால் அந்த எண்ணம் வந்துவிடாது, கேட்டால்தான் வெளியே வரும் என்று டாக்டர் பிறகு விளக்கினார். அன்று மாலையே பம்ப்செட் அறையில் இருந்த பூச்சி மருந்தை எல்லாம் அப்புறப்படுத்தினோம். மனநல மருத்துவர் மாத்திரை கொடுத்தார். அம்மாவையும் உட்கார வைத்துப் பேசினார். தாம்பத்தியத்தில் ஏற்பட்ட மாற்றம் மருந்தால் வந்தது, அவர் குற்றமில்லை என்று இருவருக்கும் சேர்த்துச் சொன்னார். நாற்பது வருடம் சேர்ந்து வாழ்ந்தவர்கள் அதுவரை அதை ஒரு வார்த்தை பேசிக்கொள்ளவில்லை. தினமும் நடக்கச் சொன்னார். உடற்பயிற்சி இந்தச் சோர்வையும் குறைக்கும், மனதையும் தூக்கி நிறுத்தும்.

இது எங்கள் வீட்டுக் கதை மட்டுமில்லை. சுவீடன் நாட்டில் லட்சக்கணக்கான நோயாளிகளின் பதிவேடுகளை ஆராய்ந்து 2009ல் ஒரு முடிவு வெளியிட்டார்கள். புரோஸ்டேட் புற்றுநோய் என்று சொல்லப்பட்ட ஆண்களிடம் தற்கொலை அபாயம் கூடுகிறது, அதுவும் முதல் வாரத்தில்தான் மிக அதிகம் என்று தெரிந்தது. அதாவது, நாம் பணத்துக்கும் படுக்கைக்கும் அலைந்துகொண்டிருக்கும் அந்த வாரத்தில்தான் அவர் பக்கத்தில் ஒருவர் உட்கார வேண்டும்.

ஆண்களின் மனச்சோர்வு அழுகையாக வருவதில்லை. கோபமாக வரும், குடியாக வரும், "நான் உங்களுக்கெல்லாம் பாரம்" என்று வரும், சில சமயம் வெறும் மௌனமாக வரும். ரிப்போர்ட் வருவதற்கு முந்தின வாரம் தூக்கம் போய்விடும்.

உதவி தூரத்தில் இல்லை. தேசிய அளவில் 1996ல் மாவட்ட மனநலத் திட்டம் தொடங்கியபோது, முதலில் எடுத்துக்கொண்ட மாவட்டங்களில் ஒன்று நம் திருச்சி. இன்று பெரம்பலூர் மாவட்டத் தலைமை மருத்துவமனைக்குப் போகலாம், 2022ல் திறந்த அரியலூர் அரசு மருத்துவக் கல்லூரிக்குப் போகலாம். நேரில் போகக் கூச்சமா? 14416க்குப் போன் செய்யுங்கள். 2022 அக்டோபர் 10ஆம் தேதி தொடங்கிய டெலி மானஸ் சேவை அது. இரவு பகல் எந்நேரமும் தமிழில் பேசலாம், கட்டணம் கிடையாது. 104ம் இருக்கிறது.

இன்னொன்று. இந்த நோய் வந்தால் வாழ்க்கை முடிந்தது என்று அர்த்தமில்லை. நெல்சன் மண்டேலாவுக்கு 2001ல் இந்த நோய் கண்டு கதிர்வீச்சு கொடுத்தார்கள். 2013 வரை, 95 வயது வரை வாழ்ந்தார்.

அப்பாவுக்கு இப்போது 71. முழுக்க மாறிவிட்டார் என்று பொய் சொல்ல மாட்டேன். கல்யாணங்களுக்கு இன்னும் வருவதில்லை. ஆனால் காலையில் ஏரிக்கரை வரை நடக்கிறார். டீக்கடைக்குப் போகிறார். போன மாதம் பக்கத்து ஊர்க்காரர் ஒருவருக்கு இதே நோய் என்று கேள்விப்பட்டு, தானே பஸ் ஏறிப் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். "என்னப்பா பேசினீங்க?" என்று கேட்டேன். "பேசலை, கேட்டுக்கிட்டு இருந்தேன்" என்றார்.

தம்பி தங்கைகளே, உங்களில் பலர் சென்னைக்கோ பெங்களூருக்கோ வேலைக்குப் போவீர்கள். ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்குப் போன் செய்வீர்கள். அம்மாவிடம் அரை மணி பேசிவிட்டு, "அப்பாகிட்ட குடு" என்று வாங்கி, "மழை பெய்ஞ்சுதா, பணம் வந்துச்சா" என்று கேட்டு வைத்துவிடுவீர்கள். நானும் அப்படித்தான் இருந்தேன். இந்த ஞாயிற்றுக்கிழமை ஒரே ஒரு கேள்வி கூடுதலாகக் கேளுங்கள்: "அப்பா, தூக்கம் வருதா?" கேட்டுவிட்டு, பதில் வரும் வரை போனை வைக்காதீர்கள்.