கோடையும் முதுமையும்



சித்திரை மாதத்தில் முற்பகல் பதினொரு மணிக்கு இராயபுரத்துத் தெருவொன்றில் நின்று பாருங்கள். கடல் கூப்பிடு தூரத்தில் இருக்கிறது. ஆயினும் காற்று இல்லை. மேற்கிலிருந்து வீசும் தரைக்காற்று வலுத்த நாட்களில் கடற்காற்று நண்பகல் கடந்தும் வரத் தயங்கும். 2003-ஆம் ஆண்டு மே 31-ஆம் நாள் நுங்கம்பாக்கத்தில் வெப்பம் 45 டிகிரி செல்சியஸை எட்டியது. வசதியுள்ளோர் கோடையில் உதகைக்குச் செல்வர். ஆண்டு முழுவதும் இங்கேயே இருந்தாக வேண்டிய முதியவர் என் செய்வர்?

என்னுடன் ஆசிரியப் பணியாற்றிய நண்பர் ஒருவர், மனைவியை இழந்தபின் திருவொற்றியூரில் ஒரு மாடியறையில் தனியே வாழ்ந்தார். மேலே ஆஸ்பெஸ்டாஸ் கூரை. சென்ற கோடையில் அவரைக் காணச் சென்றேன். பானை நிறைய நீர் இருந்தது. அவரோ நா வறண்டு, பேச்சுக் குழறிக் கிடந்தார். நல்லவேளையாகப் பிழைத்துக்கொண்டார். "தாகமே எடுக்கவில்லை, எதற்குத் தண்ணீர் என்று இருந்துவிட்டேன்" என்றார் பின்னர். முப்பது ஆண்டுகள் உடலியல் பாடம் நடத்தியவர் அவர்!

அவர் சொன்னது மெய்யே. வயது ஏற ஏறத் தாக உணர்ச்சி மங்குகிறது, வியர்வையும் குறைகிறது. கடலோர ஈரக்காற்றில் அந்தச் சிறு வியர்வையும் எளிதில் உலர்வதில்லை. உலராத வியர்வை உடலைக் குளிர்விப்பதில்லை. ஆகவே முதியவருக்குத் தேவை நீர் மட்டுமன்று. அதனைப் பருகச் சொல்லும் மற்றொரு மனிதரும் தேவை.

நம் பகுதியில் 1782-ஆம் ஆண்டுப் பஞ்சத்தின்போது கஞ்சி வார்க்கத் தோன்றியது மணியக்காரர் சத்திரம். அதையொட்டி வளர்ந்த ஸ்டான்லி மருத்துவமனைக்குக் கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி என்ற பெயரே மக்கள் வழக்கில் நிலைத்தது. சத்திரமோ பின்னாளில் முதியோருக்குப் புகலிடமாயிற்று. பலர் கூடி வாழும் இடத்தின் பெருநன்மை யாது? பந்தியில் ஓர் இடம் வெறுமையாயிருந்தால், ஏன் என்று கேட்க ஒருவர் இருப்பார்.

2024-இல் தமிழக அரசு வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது. அரசின் கடமை அது. நமக்கும் ஒரு கடமை உண்டு. தனித்து வாழும் முதியவரின் கதவை முற்பகலில் ஒருமுறை, பிற்பகலில் ஒருமுறை தட்டுங்கள். "தாகமா?" என்று கேளாதீர்கள், மருத்துவர் தடுத்திராவிடில், மோரையோ நீரையோ கையில் கொடுங்கள். பேச்சுக் குழறினால் நிழலில் கிடத்தி, ஈரத்துணியால் உடலைத் துடைத்து, 108-ஐ அழையுங்கள்.

என் நண்பர் இப்போது நாள்தோறும் பத்து மணிக்கே என் வீட்டுத் திண்ணைக்கு வந்துவிடுகிறார். அவர் எனக்கு நினைவூட்டுகிறார். நான் அவருக்கு நினைவூட்டுகிறேன். எனக்கும் வயது ஏறுகிறதல்லவா?