பனடோலும் கராம்பெண்ணெயும்



போன மாத நிகழ்ச்சி முடிந்ததும் லண்டனிலிருந்து ஒரு அம்மா தொலைபேசி எடுத்தா. "தம்பி, பல்லுக்கொதிக்குப் பனடோல் கூடப் போட்டிட்டன். ஈரலுக்குக் கூடாதாம். கருஞ்சீரக எண்ணெய் குடிச்சா முறிஞ்சிடும்தானே?"

எத்தனை போட்டீர்கள் என்று கேட்டேன். எட்டு. வளர்ந்தவருக்கு ஒரு நாளைக்கு 500 மில்லிகிராம் குளிசை எட்டுத்தான் எல்லை. ஆனால் தடிமனுக்குக் கரைத்துக் குடிக்கும் தூளும் இரண்டு தரம் குடித்திருக்கிறா. அதற்குள்ளும் பரசிற்றமோல்தான். உடனே 111 இலக்கத்துக்கு எடுக்கச் சொன்னேன். வைத்தியசாலையில் இரத்தம் சோதித்து, நல்ல காலம், அன்றிரவே வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

அவவின் கேள்வியைச் சிரித்துத் தள்ள முடியாது. பரசிற்றமோலில் ஒரு சிறு பங்கை ஈரல் நச்சுப் பொருளாக மாற்றுகிறது. குளுற்றாதயோன் என்ற பொருள் அந்த நஞ்சைப் பிடித்து அடக்கும். மருந்து மிஞ்சினால் குளுற்றாதயோன் தீர்ந்துபோய், ஈரல் கலங்கள் சாகத் தொடங்கும். கருஞ்சீரக எண்ணெயிலுள்ள தைமோகுவினோனைக் கொடுத்த சுண்டெலிகளில் இந்தச் சேதம் குறைந்தது உண்மை. ஆனால் அதைக் கொடுத்தது நஞ்சுக்கு முன்னர், அளந்து. குளிசையை விழுங்கிவிட்டு எண்ணெய்ப் போத்தலைத் தேடும் மனிதரின் கதை வேறு.

முதல் நாள் ஓங்காளம் மட்டும் இருக்கலாம், ஒன்றுமே இல்லாமலும் இருக்கலாம். அதை நம்பிப் படுத்துவிடாதீர்கள். அசற்றைல்சிஸ்ரீன் என்ற மாற்று மருந்தை எட்டு மணித்தியாலத்துக்குள் ஏற்றினால் ஈரலைப் பெரும்பாலும் காப்பாற்றிவிடலாம். அது ஈரலுக்குத் திரும்பவும் குளுற்றாதயோனைச் செய்ய உதவுகிறது. எண்ணெய் குடித்துப் பார்த்துக்கொண்டிருந்தால் அந்த எட்டு மணித்தியாலமும் போய்விடும்.

இன்னொன்று. பல்லுக்கொதிக்கு எங்கள் வீடுகளில் பஞ்சில் நனைத்து வைக்கும் கராம்பெண்ணெய் இருக்கிறதே, அதைச் சிறு பிள்ளைகள் குடித்து ஈரல் பழுதான சம்பவங்கள் மருத்துவ ஏடுகளில் பதிவாகியுள்ளன. அளவு சில தேக்கரண்டிகூட வராது. அதற்கும் இதே அசற்றைல்சிஸ்ரீனைக் கொடுத்திருக்கிறார்கள். ஈரலைக் காக்கும் என்று நாங்கள் நம்பும் வாசனை எண்ணெய்களுக்குள்ளேயே ஈரலைக் கெடுப்பதும் இருக்கிறது.

உங்கள் கராம்பெண்ணெய் எங்கே இருக்கிறது என்று அந்த அம்மாவிடம் கேட்டேன். பனடோல் பெட்டிக்குப் பக்கத்திலாம், பேரப்பிள்ளைக்குக் கையெட்டும் தட்டில். இரண்டையும் அலுமாரிக்குள் வைத்துப் பூட்டிவிட்டதாக மறுநாள் திரும்ப எடுத்துச் சொன்னா.