நாளைக் காலையில் என்ன செய்வது?

(அயோத்திதாசப் பண்டிதர் நினைவுச் சொற்பொழிவு, திருப்பூர்)



பண்டிதர் நினைவாகப் பேச அழைத்தபோது அவருடைய ஆய்வுகளைப் பற்றிப் பேசலாம் என்றுதான் நினைத்தேன். அதற்கு என்னைவிடத் தகுதியானவர்கள் இந்த மேடையிலேயே இருக்கிறார்கள். ஆனால் கூட்டம் முடிந்தபின் டீக்கடையில் தம்பிகள் என்னிடம் கேட்கிற கேள்வி வேறு. "அண்ணா, பௌத்தம் சரின்னு புரியுது. நாளைக்குக் காலையில எந்திரிச்சு என்ன பண்றது?" பதினேழு வருடம் ஓவர்லாக் டெய்லராக இருந்தவன் என்ற முறையில் அதற்கு மட்டும் பதில் சொல்லப் பார்க்கிறேன்.

பண்டிதர் என்ன செய்தார்? 1898இல் கர்னல் ஆல்காட்டுடன் கொழும்புக்குப் போய், சுமங்கல மகாநாயகரிடம் பஞ்சசீலம் ஏற்றார். திரும்பி வந்து தனியாகக் கண்ணை மூடி உட்காரவில்லை. ராயப்பேட்டையில் சாக்கிய பௌத்த சங்கத்தை அமைத்தார். 1907 ஜூன் 19 அன்று 'ஒரு பைசாத் தமிழன்' இதழைத் தொடங்கினார். அதைக் காத்திருந்து படித்தவர்களில் கோலார் தங்கவயலின் தமிழ்த் தொழிலாளர்கள் முக்கியமானவர்கள். நம்மைப்போல ஷிப்ட் வேலைக்காரர்கள். நாம் மெஷினில் குனிகிறோம், அவர்கள் பூமிக்கு அடியில் இறங்கினார்கள். மாரிக்குப்பத்தில் சங்கம் வைத்துக் கூடினார்கள், படித்தார்கள், கல்யாணத்தையும் சாவையும் தாங்களே நடத்தினார்கள். பண்டிதர் 1914இல் மறைந்தார். நின்றுபோன 'தமிழன்' இதழை 1926இல் அப்பாதுரையார் அதே தங்கவயலிலிருந்து மீண்டும் கொண்டுவந்தார்.

திருப்பூரில் விகாரை இல்லை, பிக்கு இல்லை, யாரிடம் தீட்சை வாங்குவது என்று கேட்கிறார்கள். 1956 அக்டோபர் 14 அன்று நாகபுரியில் பாபாசாகேப், பிக்கு சந்திரமணியிடம் சரணமும் சீலமும் ஏற்றார். அதன்பின் திரண்டிருந்த லட்சக்கணக்கான மக்களுக்குத் தீட்சை கொடுத்தது அவரேதான். காவி உடுத்தாத மனிதர். அதனால் பிக்குவுக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை.

தியானத்தைப் பற்றியும் கேட்பார்கள். செய்யுங்கள். பத்து நிமிடம் மூச்சைக் கவனியுங்கள். ஒன்றரை ஷிப்ட் முடித்து வந்து உட்கார்ந்தால் மூன்றாவது நிமிடத்தில் தூக்கம் வரும். வந்தால் தூங்கிவிடுங்கள், அந்த உடம்பு கேட்பது அதைத்தான்.

கஷ்டம் பஞ்சசீலத்தில்தான். குடிக்காதே என்பதைச் சனிக்கிழமை சம்பளம் கையில் வந்ததும் கடைப்பிடிப்பது எவ்வளவு பாடு என்று இங்கே பலருக்குத் தெரியும். எனக்கு அதைவிடப் பெரிய சிக்கல் நான்காவது சீலத்தில் வந்தது. பொய் சொல்லாதே. தீட்சை எடுத்து இரண்டு மாதம் ஆகியிருந்தது. ஒரு ஏற்றுமதி கம்பெனி, பெயர் வேண்டாம். வெளிநாட்டு பையரின் ஆடிட் வருகிறது என்றார்கள். முந்தின நாள் எங்களை வரிசையாக நிற்கவைத்துப் பாடம் எடுத்தார்கள். எட்டு மணி நேரம்தான் வேலை, ஓவர்டைமுக்கு இரட்டைச் சம்பளம், ஞாயிறு லீவு என்று சொல்லவேண்டும். மறுநாள் ஆடிட் செய்ய வந்த அம்மா என்னைத்தான் கூப்பிட்டார். நான் மூன்றையும் சொன்னேன். மூன்றும் பொய்.

அந்த வாரம் எங்கள் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் இதைச் சொன்னேன். முதலில் சிரித்தார்கள். பிறகு செக்கிங்கில் வேலை செய்யும் ஒரு தங்கை, "நானும் அதையேதாண்ணா சொன்னேன்" என்றார். அயர்ன் மாஸ்டர் ஒருவர் அடுத்துச் சொன்னார். பதினொரு பேர் இருந்தோம். ஒன்பது பேர் அதே பொய்யை வேறுவேறு கம்பெனிகளில் சொல்லியிருந்தோம். தனியாளாக உண்மை பேசியிருந்தால் திங்கட்கிழமை எனக்கு வேலை இருந்திருக்காது. சங்கத்தை ஏன் மும்மணிகளில் ஒன்றாக வைத்தார்கள் என்று அன்றைக்குத்தான் எனக்கு விளங்கியது. அடுத்த ஆடிட்டுக்கு முன்பு ஒரே லைனில் இருந்த ஆறு பேர் கலந்து பேசி, சொல்லிக்கொடுத்ததை ஒப்பிக்காமல் இருந்தோம். இரண்டு பேரை நிறுத்திவிட்டார்கள். வேறு இடத்தில் வேலை தேடிக் கொடுத்தோம். வெற்றி என்று இதைச் சொல்லமாட்டேன்.

வீட்டுக்கு வருவோம். என் அம்மா கேட்டது இரண்டே கேள்வி. "ஏஞ்சாமி, நாளைக்கு உன்ற புள்ளைக்குச் சர்ட்டிபிகேட்டு கெடைக்குமா? நான் செத்தா ஆரு வந்து தூக்குவா?"

முதல் கேள்விக்குச் சட்டத்தில் பதில் இருக்கிறது. 1950ஆம் ஆண்டு ஆணை இந்துக்களை மட்டுமே பட்டியல் சாதியாக ஏற்றது. 1956இல் சீக்கியர்களையும் 1990இல் பௌத்தர்களையும் சேர்த்தார்கள். பௌத்தரானதால் பட்டியல் சாதி உரிமை போய்விடாது. இதைப் பயந்துபோன ஒவ்வொரு வீட்டிலும் உட்கார்ந்து பொறுமையாகச் சொல்லவேண்டும். இரண்டாவது கேள்விக்கு எந்தச் சட்டத்திலும் பதில் இல்லை. தூக்குவதற்கு நாலு பேர் வேண்டும். அந்த நாலு பேரைச் சேர்க்காமல் சாமி படத்தை மட்டும் கழற்றிவிட்டு வந்தால் அம்மா பயப்படுவது நியாயம்.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்கிறேன். நம் கூட்டங்களில் அருந்ததியர் வீட்டில் டீ குடிப்பவர்கள் சாப்பாடு என்றதும் வேலை இருப்பதாக எழுந்து போவதைப் பார்த்திருக்கிறேன். நீலத் துண்டு போட்டவர்கள்தான். அதனால் நாங்கள் ஒரு ஏற்பாடு செய்தோம். கூட்டம் வாராவாரம் ஒரு வீட்டில். சமைப்பது அந்த வீட்டார். சாப்பிடாமல் யாரும் கிளம்பக்கூடாது. இரண்டு பேர் வருவதை நிறுத்திக்கொண்டார்கள். ஒருவர் ஆறு மாதம் கழித்து வந்தார், சாப்பிட்டார்.

அங்கே நடப்பது பெரிதாக ஒன்றுமில்லை. சரணமும் சீலமும் சொல்வோம். பத்து நிமிடம் மௌனம். 'புத்தரும் அவர் தம்மமும்' நூலில் இரண்டு மூன்று பக்கம், எழுத்துக் கூட்டிப் படிப்பவர்தான் வாசிக்கவேண்டும். பிறகு அந்த வாரம் யார் எந்தச் சீலத்தை உடைத்தோம், ஏன் உடைத்தோம் என்று பேசுவோம். பெரும்பாலும் அதற்கே நேரம் போய்விடும்.

அம்மா முதலில் வாசலில் உட்கார்ந்து கேட்டார். இப்போது உள்ளே பாய் விரிப்பது அவர்தான். வருகிற ஞாயிறு கூட்டம் எங்கள் வீட்டில், மாலை நான்கு மணிக்கு. சோறு ஆக்க வேண்டும், அதனால் வருகிறவர்கள் சனிக்கிழமையே சொல்லிவிடுங்கள்.