காரிடாரில் நிற்கும் ஏழாம் நம்பர் பலகை

(நம் சங்கத்தின் குடும்பச் சந்திப்பில் பேசியதன் எழுத்து வடிவம்)



மூன்றாம் மாடியில், லிஃப்டுக்குப் பக்கத்தில், ஏழடி உயரத்தில் ஒரு பழைய பலகை சாய்ந்து நிற்கிறது. ‘இது யாருடையது, உடனே அப்புறப்படுத்தவும்’ என்று நம் செயலாளர் குரூப்பில் இரண்டு முறை போட்டார். இரண்டு முறையும் பார்த்தும் பார்க்காதது போல் இருந்துவிட்டேன். மூன்றாவது தடவை நேரில் வந்து மணியடித்தார். உள்ளே கூப்பிட்டுக் காப்பி கொடுத்து, என் அறையில் இருக்கிற குட்டி ரயிலடியைக் காட்டினேன். முக்கால் மணி நேரம் இருந்தார். போகும்போது, “இதை எல்லாருக்கும் சொல்லுங்க சார், பத்து நிமிஷம்” என்றார். வங்கியில் முப்பத்தாறு வருடம் கிளார்க்காக இருந்தவன் நான். டோக்கன் நம்பரைத் தவிர எதையும் சத்தம் போட்டுச் சொன்னதில்லை. தப்பு வந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் வயதுக்காரர்களுக்கு ஞாபகம் இருக்கும். நம் நாஞ்சில் நாட்டுக்கு 1979 வரை ரயில் கிடையாது. ரயிலில் ஏற வேண்டுமென்றால் பஸ் பிடித்துத் திருநெல்வேலிக்கோ திருவனந்தபுரத்துக்கோ போக வேண்டும். 1979 ஏப்ரலில்தான் திருவனந்தபுரத்திலிருந்து நாகர்கோவில் வழியாகக் கன்னியாகுமரிக்குப் பாதை திறந்தார்கள். திருநெல்வேலிப் பாதை 1981-ல் வந்தது. முதல் பாதை திறந்தபோது நான் இந்துக் கல்லூரியில் பி.காம். கடைசி வருடம். எங்கள் அப்பாவுக்குக் கோட்டாறில், ஸ்டேஷனுக்குப் போகிற வழியில் ஒரு டீக்கடை. அதுவரை சந்தைக்கு வருகிற சுமைக்காரர்களும் வண்டிக்காரர்களும்தான் வாடிக்கை. ரயில் வந்த பிறகு, காலை வண்டிக்கு முன்னால் ஒரு கூட்டம், ராத்திரி வண்டிக்குப் பின்னால் ஒரு கூட்டம். அப்பா விடியக்காலம் நாலரைக்கு நிரைப்பலகையை எடுப்பார்.

நிரைப்பலகை இங்கே பாதிப் பேருக்குத் தெரியாது. ஷட்டர் வருவதற்கு முன் கடைகளுக்கு அதுதான் கதவு. மேலேயும் கீழேயும் நீளமாக ஒரு காடி வெட்டியிருக்கும். ஒவ்வொரு பலகையாக அதில் சொருகித் தள்ளிக்கொண்டே வர வேண்டும். ஆசாரி ஒவ்வொன்றிலும் உளியால் நம்பர் கொத்தியிருப்பார். மூன்றாவதை ஐந்தாவது இடத்தில் வைத்தால் சேராது. கடைசிப் பலகையைப் போட்டுக் குறுக்கே இரும்புப் பட்டை மாட்டிப் பூட்டினால் கடை அடைத்தாயிற்று. காரிடாரில் நிற்பது அந்த வகைப் பலகைதான்.

இந்த மாடல் ரயில் கிறுக்கு எனக்கு புனேயில் தொற்றியது. எல்.டி.சி.யில் போனபோது கொத்ரூட்டில் இருக்கிற ஜோஷி மினியேச்சர் ரயில்வே மியூசியத்தைப் பார்த்தோம். ஒரு தனி மனிதர் ஆயுசு முழுக்கச் சேர்த்த ஆசை. 1998-ல் பொதுமக்களுக்குத் திறந்திருக்கிறார்கள். என் மனைவி ரயில்களைப் பார்த்தாள். நான் கட்டிடங்களைப் பார்த்துக்கொண்டு நின்றேன். ஓய்வு பெற்றதும் அமெரிக்காவில் இருக்கிற மகன் ஒரு பெட்டி அனுப்பினான். அந்த ஊர்க் கிராமத்து ஸ்டேஷன் ஒன்று, முழுக்க மரம். பெட்டிக்குள் ஸ்டேஷன் இல்லை. பலகை பலகையாக, குச்சி குச்சியாக மரமும், முப்பது பக்கத்துக்கு ஒரு புத்தகமும் இருந்தன. நாம்தான் ஆசாரி.

அளவு எச்.ஓ. என்பார்கள். நிஜத்தில் 87-ல் ஒரு பங்கு. ஒரு அடிக்கு மூன்றரை மில்லிமீட்டர். ஆறடிக் கதவு 21 மி.மீ. கணக்கு எழுதிப் பழகிய கைக்கு இது சுகமாக இருந்தது. ஒரே ஒரு இடத்தில்தான் உதைக்கும். எச்.ஓ. தண்டவாளத்தின் இடைவெளி 16.5 மி.மீ.; அது வெளிநாட்டுப் பாதைக்குச் சரி. நம் அகலப் பாதை 1676 மி.மீ., அதற்கு 19 மி.மீ.க்கு மேல் வர வேண்டும். அந்தப் பற்றாக்குறையை சஸ்பென்ஸ் அக்கவுண்டில் போட்டுவிட்டேன். என் பாதை ஏழடி நீளம், ஒரடி அகலத்தில் ஒரு பிளைவுட் பலகை மேல் நேராகப் போகிறது. வட்டம் போட இடமில்லை. வண்டி போய் நின்று, வந்த வழியே திரும்ப வேண்டும். கன்னியாகுமரி ஸ்டேஷனும் அப்படித்தானே?

முதல் ஸ்டேஷனை நான் நாசம் பண்ணினேன். ஃபெவிகால் போட்டு ஒட்டிவிட்டு, அதன் பிறகு சாயம் பூசினேன். பசை பட்ட இடத்தில் மரம் சாயம் குடிக்காது. மூலைக்கு மூலை வெள்ளைத் தேமல் மாதிரி நின்றது. சுவர்களுக்கு ஒரு பக்கம் மட்டும் பூசியிருந்தேன். காய்ந்ததும் அப்பளம் போல வளைந்துவிட்டன. புத்தகத்தில் இரண்டையும் முதல் பக்கத்திலேயே போட்டிருந்தான். படிக்கவில்லை. முதலில் சாயம், அதுவும் இரண்டு பக்கமும், பிறகு உள்பக்கம் முட்டுக் குச்சி, கடைசியில்தான் ஒட்டல்.

ஒட்டிய பிறகுதான் நிஜமான வேலை. புதுக் கட்டிடத்தைப் பழசாக்க வேண்டும். வெதரிங் என்கிறார்கள். நான் ‘வெயில் மழை காட்டுவது’ என்று வைத்துக்கொண்டேன். அமெரிக்காவில் மான்டரே என்ற ஊரில் ஜான் ஆலன் என்று ஒருவர் இதில் முன்னோடி. பளபளவென்று பொம்மையாக இருந்ததை அழுக்காக்கி நிஜமாக்கியவர். 1973 ஜனவரியில் அவர் இறந்தார். சில நாளிலேயே தீப்பிடித்து, அவர் ஆயுசு முழுக்கக் கட்டிய அந்த ரயில் உலகத்தில் பெரும்பகுதி போய்விட்டது. அதைப் படித்த அன்று ராத்திரி என் அறையில் பிளக்கைப் பிடுங்கி வைத்துவிட்டுத்தான் படுத்தேன்.

செய்முறை சொல்கிறேன். மருந்துக் கடையில் ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் அரை லிட்டர் வாங்கி, அதில் கறுப்பு டிராயிங் இங்க் இரண்டு டீஸ்பூன் விட்டால் மெல்லிய சாம்பல் நிறம் வரும். ஒரு தடவை பூசினால் இரண்டு வருட மரம், நாலு தடவை பூசினால் இருபது வருட மரம். இது சீக்கிரம் தீப்பற்றும், அடுப்படிப் பக்கம் வேண்டாம். இன்னொரு வழி, கெட்டியான டீ டிகாஷனை மரத்தில் பூசிக் காயவிட்டு, வினிகரில் இரும்பு ஆணி ஒரு வாரம் ஊறிய தண்ணீரை அதன் மேல் தடவுவது. கண் முன்னாலேயே மரம் கறுக்கும். டீயில் இருக்கிற துவர்ப்பும் இரும்பும் சேர்வதால் அப்படி. பாத்திரம் தேய்க்கிற ஸ்டெயின்லெஸ் கம்பியைப் போட்டு நான் ஒரு வாரம் காத்திருந்தேன். அது துருப்பிடிக்காது என்பதற்குத்தானே அந்தப் பெயர்!

டீ பூசிக்கொண்டிருக்கும்போதுதான் அப்பாவின் கடையைக் கட்டினால் என்ன என்று தோன்றியது. அமெரிக்க ஸ்டேஷனை எடுத்துப் பெட்டிக்குள் வைத்துவிட்டேன்.

பிளைவுட் கடையிலிருந்து தேக்கு வெனீர் வாங்கி வந்தேன். அரை மி.மீ. கனம். 87-ஆல் பெருக்கினால் ஒன்றே முக்கால் அங்குலப் பலகை. அளவு கச்சிதம். ஆனால் வெட்டி நிறுத்தினால் பலகையாகத் தெரியவில்லை. மரத்தை 87 மடங்கு சுருக்கும்போது அதன் ரேகை சுருங்குவதில்லை. தேக்கின் ரேகை அந்த அளவில் விரல் தடிமனுக்குப் பள்ளம் பள்ளமாகத் தெரிந்தது. கிட்டில் வருகிற பாஸ்வுட்டுக்கு ரேகையே தெரியாது. அதனால்தான் அதைக் கொடுக்கிறார்கள். நல்ல மரத்தைக் காட்ட ஒன்றுமில்லாத மரம்தான் வேண்டியிருக்கிறது. மிச்சம் கிடந்த பாஸ்வுட்டையும் ஐஸ் குச்சியையும் சீவி எடுத்தேன்.

அடுத்த சந்தேகம், நிரைப்பலகை எத்தனை? ஒன்பது என்று எனக்கு ஞாபகம். நிச்சயமாகச் சொல்லக்கூடியவர் ஒருவர்தான், என் அண்ணன்.

இதை இங்கே சொல்லலாமா என்று யோசித்தேன். சொல்லிவிடுகிறேன். அப்பாவுக்குப் பிறகு கடையை அண்ணன் நடத்தினார். 2001-ல் நான் ஒரு தாளில் வரவு செலவு எழுதி, சீனி விலை, பால் விலை, ரிப்பேர் எல்லாம் கூட்டிக் காட்டி, விற்றுவிடலாம் என்றேன். ‘கட்டிடம் சிதிலமடைந்த நிலை’ என்றும் அதில் எழுதியிருந்தேன். கணக்கு சரிதான். இன்றைக்குக் கூட்டினாலும் அதே தொகைதான் வரும். அண்ணன் ஒன்றும் பேசவில்லை. கையெழுத்துப் போட்டார், பேனாவை மூடி என் பையில் வைத்தார், போனார். அதன் பிறகு கல்யாணம், அடியந்திரம் என்று பொது இடத்தில் பார்த்தால் தலையாட்டுவோம். அவ்வளவுதான்.

போன் போட்டேன். “அண்ணே, நம்ம கடையில நிரப்பலகை எத்தனை? ஒம்பதா?”

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. “பதினொண்ணாக்கும். ஏழாவது பலா, மத்ததெல்லாம் அயினி. என்னத்துக்குடே கேக்க?”

சொன்னேன். ‘ம்’ என்று வைத்துவிட்டார்.

பதினொரு பலகை, தலைக்கு ஒன்பது அங்குலம், மொத்தம் எட்டேகால் அடி. 29 மி.மீ. ஒவ்வொன்றும் 2.6 மி.மீ. அகலம், 24.5 மி.மீ. உயரம். பின்பக்கத்தில் பென்சிலால் நம்பர் எழுதினேன். யாருக்கும் தெரியாது, எனக்குத் தெரியும்.

அமெரிக்கப் புத்தகத்தில் சொன்ன வெதரிங் இந்தக் கடைக்குப் பொருந்தவில்லை. அங்கே பனி, இங்கே இடவப்பாதி ஒரு மழை, ஐப்பசி கார்த்திகையில் இன்னொரு மழை. நடுவில் ஆரல்வாய்மொழிக் காற்று. அதனால் நிஜ மரத்தைப் பார்க்கக் கிளம்பினேன். பத்மநாபபுரம் அரண்மனைக்கு மூன்று தடவை போனேன். 1795 வரை திருவிதாங்கூரின் தலைநகர் அது. எத்தனை தடவை போயிருப்போம், தரையையும் மணியையும்தான் பார்த்திருக்கிறோம். இந்தத் தடவை இறவாணத்துக்குக் கீழே மட்டும் பார்த்தேன். கூரை நன்றாக இறங்கி நிழல் கொடுக்கிற இடத்தில் மரம் கறுத்துப் பளபளப்பாக இருக்கும். வெயிலும் மழையும் மாறி மாறி அடிக்கிற இடத்தில் மரம் நரைக்கும். வெயில் மரத்தின் பழுப்புச் சத்தை உடைக்கிறது, மழை அதைக் கழுவிக்கொண்டு போகிறது, மிச்சம் நிற்பது சாம்பல் நார். மரம் ஒரே சீராக நரைப்பதில்லை. தலைமுடியும் அப்படித்தான், கண்ணாடியில் பார்த்துக்கொள்ளலாம்.

ஓட்டுக்கு அட்டை. மங்களூர் ஓடு இந்த அளவில் ஐந்து மி.மீ. கூட வராது. நானூறுக்கு மேல் வெட்டினேன். பழைய ஓடு பாசி பிடித்துக் கறுத்திருக்கும், இடையில் மாற்றிப் போட்டது மட்டும் சிவப்பாகத் துருத்திக்கொண்டு தெரியும். சுவரின் அடியில் மழை தெறித்த செம்மண் கறை, ஒரடி உயரம், அதாவது மூன்றரை மி.மீ. பலகையின் கீழ் முனையை உளுத்துப்போனது போலச் சுரண்டினேன். கறுப்புச் சாக்கைப் பொடி பண்ணிப் புகை ஏற்றினேன். முடித்ததும் எனக்கே பெருமையாக இருந்தது. நம் பி பிளாக் பிள்ளைகள் வந்து பார்த்து, “தாத்தா, பேய் வீடு சூப்பர்” என்றார்கள்.

ஆவணி மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, சொல்லாமல் கொள்ளாமல் அண்ணன் வந்தார். எழுபத்திரண்டு வயது. கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டு, குனிந்து ரொம்ப நேரம் பார்த்தார். எண்ணினார். பதினொன்று சரி.

“நம்ம கடை இவ்வளவு அழுக்கு கெடையாதுடே” என்றார்.

நான் ஏதோ சொல்ல வந்தேன். அவர் விடவில்லை. “அப்பா வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை பலகை பூரா எறக்கிப் போட்டுக் கழுவுவாரு. செம்மண் கறை நிக்காது. வருசா வருசம் சித்திரையில ஓடு மாத்துவோம். நீ அப்ப காலேசுக்குப் போயிருப்ப. உளுத்தது ஒண்ணுதான், அந்த ஏழாவது. மழ வருதுக்கு முன்னால அதயும் மாத்தியாச்சு.”

அந்த ஓடுகளில் ஏறியது யார் என்று நான் கேட்கவில்லை. அவர் கை முட்டியில் ஒரு தழும்பு உண்டு.

போகும்போது, பலகைகள் தன்னிடம்தான் இருந்தன என்றார். வாங்கினவர் ஷட்டர் போட்டபோது தெருவில் போட்டிருக்கிறார். இவர் வண்டி பிடித்து எடுத்துப் போயிருக்கிறார். கொஞ்சம் கட்டிலாயிற்று, கொஞ்சம் ஆட்டுக்கொட்டில். மூன்று மிச்சம். மறுநாள் ஏழாவது வந்தது, ஆட்டோவில், கயிறு கட்டி.

கிட்டத்தில் போய்ப் பாருங்கள். பலா மஞ்சள் இன்னும் ஓரத்தில் தெரிகிறது. இடுப்புக்கு மேலே, கை பிடித்துத் தூக்குகிற இடத்தில் மட்டும் ஒரு சாண் அளவுக்குக் கறுத்து எண்ணெய் மினுக்கம். காடிக்குள் இருந்த தலைப்பக்கம் புது மரம் போல இருக்கிறது. கீழே கறை இல்லை. அடிப்பக்கம் கழுவிக் கழுவி ரேகை மட்டும் எழுந்து நிற்கிறது. எந்தப் புத்தகத்திலும் நான் படிக்காத வெதரிங்.

கடையின் முன்பக்கத்தைப் பெயர்த்துவிட்டேன். பதினொரு பலகையையும் புதிதாகச் சீவிக்கொண்டிருக்கிறேன். கை படுகிற இடத்துக்கு ஒரு துளி பழுப்பு மையைத் தொட்டு, துணியால் ஒற்றி எடுக்க வேண்டும். கூடினால் அழுக்கு, குறைந்தால் ஒன்றுமில்லை. இதுவரை நாலு சரியாக வந்திருக்கிறது. மாதிரிக்கு அந்தப் பலகையைப் பகல் வெளிச்சத்தில் பார்க்க வேண்டியிருக்கிறது. என் ஃபிளாட்டில் ஏழடிப் பலகையை நிறுத்த வெளிச்சமான சுவர் இல்லை. அதனால்தான் காரிடார்.

இந்த மாதக் கடைசிக்குள் எடுத்துவிடுவதாகச் செயலாளரிடம் சொல்லியிருந்தேன். அதற்குள் மீதி இரண்டு பலகையையும் அனுப்புவதாக நேற்று அண்ணன் போன் பண்ணினார். கூடவே தானும் வருகிறாராம், நான் ஒழுங்காகச் செய்கிறேனா என்று பார்க்க. செயலாளர் இன்னும் ஒரு மாதம் தவணை கொடுக்க வேண்டும்.